அரை அங்குலம் குறைவாக ஒரு மேசை

நீடாமங்கலம் ரயில்வே கேட் அடைத்திருந்தது.
அந்தப் பக்கம் ஒரு லோடு ஆட்டோ, இந்தப் பக்கம் ஒன்று.
இரண்டிலும் அரை அரை மேசை.
நடுவே நெல் ஏற்றிய நாற்பத்திரண்டு பெட்டி
ஆற அமரப் போனது.

பாகம் பிரித்த அன்று
மேசையையும் ரம்பம் போட்டார்களாம், குறுக்கே.
நீளவாக்கில் அறுத்திருந்தால்
எனக்குப் பாதி வேலை மிச்சம்.
கோபத்துக்கு எங்கே தெரிகிறது
ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறதென்று.

ஆளுக்கு இரண்டு கால்.
பக்கிரிசாமி பங்கு
மோட்டார் கொட்டகையில் யூரியா மூட்டை சுமந்தது.
கோவிந்தராசு பங்கு
மாடியறையில், செங்கல் முட்டுக்கொடுத்து,
இஸ்திரி போடும் பலகை.
பதினோரு வருஷம்.
ஈரம் பார்க்கும் மீட்டரைக் குத்தினேன்:
ஒன்று பத்தொன்பது, மற்றது பத்து.

"இப்ப ஒட்டக் கூடாதும்மா.
ஒரு மாசம் என் பட்டறையில சேந்து கெடக்கட்டும்.
ஒரே காத்தக் குடிக்கட்டும்."
நீலாயதாட்சி தலையாட்டினாள்.
"நீங்க யாரு பொண்ணு, மூத்தவரா இளையவரா?"
"அது எதுக்குங்க உங்களுக்கு" என்றாள்.
சரிதான்.

முப்பத்து நாலு நாள் கழித்து
இரண்டும் பன்னிரண்டு காட்டியது.
பல்லும் பிசிறுமாய் இருந்த வாய்களை
இதயத்துல்லா சீராக அறுத்தான்,
இந்தப் பக்கம் கால் அங்குலம், அந்தப் பக்கம் கால்.
போனது போனதுதான்.
ரம்பம் தின்றதைத் திருப்பித் தரும் பசை
ஜெபமாலை ஹார்டுவேரில் கிடையாது.

இருப்பதைச் சொன்னேன்.
வெள்ளைப் பசை: மலிவு, சமத்து,
ஒரு நாள் முழுக்க அழுத்திப் பிடிக்க வேண்டும்,
தண்ணீர் தேங்கினால் பேச்சு மாறிவிடும்.
எபாக்சி: இரண்டு டப்பா, சமபங்கு,
இடுக்கு இருந்தாலும் நிரப்பும்.
பிடித்தால் பிடித்ததுதான்,
பிறகு மரத்தை உடைத்துத்தான் பிரிக்க வேண்டும்.
வச்சிரம்: தோலும் எலும்பும் காய்ச்சியது.
ராத்திரி ஊற வைத்து, வெந்நீர்ச் சட்டிக்குள் கிண்ணம் வைத்து
கொதிக்க விடாமல் உருக்க வேண்டும்.
நாறும்.
ஐப்பசி ஈரத்தில் கொஞ்சம் இளகப் பார்க்கும்.
ஆனால் எப்போது வேண்டுமானாலும்
சூடு காட்டினால், சேதமில்லாமல் விட்டுவிடும்.

எபாக்சி என்பாள் என்று
டப்பாவைக் கூடத் திறக்கப் போனேன்.

கொஞ்ச நேரம் அறுத்த வாயைத் தடவிக்கொண்டிருந்தாள்.
"ரெண்டு பேரும் இன்னும் இருக்காங்கல்ல" என்றாள்.
"அந்த நாத்தம் புடிச்சதே போடுங்க."

தேக்குக்கு உடம்பெல்லாம் எண்ணெய்,
தின்னர் தொட்டுத் துடைத்தோம்.
முனைமரம் பசையைக் குடித்துத் தீர்க்கும்,
முதல் பூச்சு அதன் தாகத்துக்கு,
இரண்டாவதுதான் ஒட்டுவதற்கு.
அதை மட்டும் நம்ப முடியாது,
உள்ளே ஆறு கழுந்து, குழியோடு குழி பார்த்து.
பசை ஆறுவதற்குள் சேர்க்க வேண்டும்.
பேச்சே இல்லை, கையும் மூச்சும்தான்.
இதயத்துல்லா கிளாம்பை முறுக்கிக்கொண்டே போனான்.
"போதும்டா. ரொம்ப நெருக்குனா
பசையெல்லாம் வெளிய வந்துரும்,
உள்ள பட்டினி."
பிதுங்கிய மணிகளை
ஈரத்துணியால் துடைத்தேன்.

கோடு தெரிகிறது.
ஒரு பாதி வெளுப்பு, ஒரு பாதி யூரியா கறுப்பு.
வார்னிஷ் ஏற்றி மறைக்கவா என்றதற்கு
வேண்டாம் என்றாள்.

தையில் கல்யாணமாம், யாருக்கென்று கேட்கவில்லை.
ஒரே வண்டியில் ஏற்றினோம்.
நாலு கால் சேர்ந்ததும் கனம், மூன்று பேர் வேண்டியிருந்தது.
கேட் திறந்துதான் இருந்தது.

முதல் நாள் ராத்திரியே
மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு
பென்சிலால் எழுதி வைத்திருந்தேன்,
அடுத்து கோபப்படப் போகிறவருக்கு:

வச்சிரம் போட்டது.
வெந்நீர்த் துணி போதும்.
ரம்பம் வேண்டாம்.