படம் இல்லாத மாத்திரை

பழைய மாத்திரையில் ஒரு பெண் இருந்தாள்.
வெள்ளை வட்டத்துக்குள், இளஞ்சிவப்பு மையில்,
வயிறு தள்ளிப் பக்கவாட்டில் நின்றபடி.
முகம் கிடையாது.
அவ்வளவு சின்ன இடத்தில் முகத்துக்கு
யார் மை செலவழிப்பார்கள்.

ஒன்பதாவது வாரத்திலிருந்து
இரவுக்கு இரண்டு பேராக
விழுங்கி வந்தேன் அவளை.

ஏப்ரல் தொடக்கத்தில்,
பொனவிஸ்டாவில் துறைமுகப் பனிக்கட்டி இன்னும் விடாத ஒரு காலையில்
மருந்துக்கடை கிளெனிஸ் புது டப்பாவை நகர்த்தினாள்.
"உங்க ஆலைக் காப்பீடு இனிமேல்
இதுக்குத்தான் பணம் தருமாம், மெரினா.
உள்ளே இருப்பது அதேதான்.
வித்தியாசமே தெரியாது."

குலுக்கினேன். சத்தம் அதே.
திறந்தேன். வெறும் வெள்ளை.
மேலே மூன்று இலக்கத்தில் ஓர் எண்.

பழையதே வேண்டுமென்றால்
மாதம் எழுபது டாலர் கைக்காசு.
எழுபது டாலருக்கு எங்கள் வீட்டில் வேறு பெயர்கள்:
அடுப்பெண்ணெய்,
லாரியின் பின் டயரில் பாதி,
கார்லண்ட் ஆல்பர்ட்டாவிலிருந்து வரும் விமானத்தின்
ஓர் இறக்கை.

முதல் நாள் விடிகாலை நான்கு மணிக்குக்
குளியலறைத் தரையில் உட்கார்ந்து கண்டுபிடித்தேன்:
இது போலி.
கார்லண்டைக் கூப்பிட்டேன்.
எண்ணெய் மணலில், இரவுப்பணி இடைவேளையில்
ரொட்டி மென்றுகொண்டிருந்தான்.
"நேத்து சாப்பிட்ட மீனா இருக்கும்" என்றான்.
மசக்கைக்காரியிடம் மீன் என்ற சொல்லை எடுக்கக்கூடாதென்று
ஆல்பர்ட்டாவில்
ஒருவருக்கும் தெரியவில்லை.

பழைய டப்பாவில் மூன்று பெண்கள் மிச்சம்.
நண்டுப் பருவம் திறக்கும் நாளுக்கென்று
ஒளித்து வைத்தேன்.

திறந்தது.
கொதிநீராவி, உப்பு, ப்ளீச்,
நனைந்த கையுறையின் உள்வாடை.
முந்தின இரவே இரண்டு பேரை அனுப்பியிருந்தேன்,
கடிக்காமல், தண்ணீரோடு, சொன்னபடி.
ஏழே முக்காலுக்குக் கன்வேயரை விட்டு ஓடினேன்.
வாளி வரைக்கும்கூடப் போகவில்லை.

ரப்பர் பூட்ஸைக் கழுவும்போது நினைத்தேன்:
பாவம், அந்தப் பெண்கள்.
விரல்நுனி அளவு இடத்தில் நின்றவர்கள் மேல்
என்னென்ன சுமையை ஏற்றிவிட்டேன்.

அன்றிரவு எண்ணுக்குத் திரும்பினேன்.
எண் தன் வேலையைச் செய்தது.
சில நாள் நன்றாக, சில நாள் சுமாராக.
நேர்மையாகச் சொன்னால்
முன்பும் அப்படித்தான்.

அதற்குள் மேற்பார்வையாளர் என்னைப்
பெட்டி ஒட்டும் அறைக்கு மாற்றினார்.
என் இடத்துக்கு ஒருத்தி வந்தாள்,
மைலீன், இலொய்லோவிலிருந்து, இரண்டு வருட ஒப்பந்தத்தில்.
மார்பில் என் பெயர் தைத்த ஏப்ரனையே
மாட்டிக் கொடுத்தார்கள்.
பிரித்துத் தைக்க யாருக்கு நேரம்.
"ஒரு வாரத்துல பழகிடுவா" என்றார் அவர், என்னிடம்,
அவளுக்குக் கேட்கும்படி.
"வித்தியாசமே தெரியாது."

வியாழக்கிழமைக்குள் அவள்
என்னைவிட வேகமாக நண்டுக்கால் பிரித்தாள்.
அதை நான் ரசித்தேன் என்று சொல்லமாட்டேன்.

இடைவேளையில் என் வயிற்றைப் பார்த்தாள்.
எத்தனை வாரம் என்று கேட்கவில்லை.
"பதினாறு" என்றாள்.
சரிதான்.
தனக்கு நான்கு வயதில் ஒருவன், அம்மாவிடம் விட்டு வந்திருக்கிறாளாம்.
பையைத் துழாவி இஞ்சி மிட்டாய் ஒன்றை நீட்டினாள்.
உறையைத் திருப்பிப் பார்த்தேன்.
கேள்விப்படாத கம்பெனி.
வாயில் போட்டுக்கொண்டேன்.

குமட்டல் ஒரு செவ்வாய்க்கிழமை நின்றுபோனது,
யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல்.
வெள்ளிக்கிழமைதான் கவனித்தேன்,
வறுத்த காட் மீனின் இரண்டாவது துண்டுக்குக்
கை நீட்டியபோது.

குளியலறை அலமாரியில் இன்னும் ஒருத்தி நிற்கிறாள்.
நீராவியில் மை கசிந்து
வயிறு எது, முதுகு எது என்று சொல்ல முடியாதபடி.
விழுங்கவும் இல்லை, எறியவும் இல்லை.
டப்பாவின் அடியில்
காலாவதி நவம்பர் என்று போட்டிருக்கிறது.
எனக்கு அக்டோபர்.