இரண்டாயிரத்து ஒன்பது என்று சொல்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
றசல்ராஜ் கடையில் பதினோராயிரத்துக்கு வாங்கியது.
குவைத்திலிருந்து யாரோ கொண்டுவந்த லேப்டாப்,
விசைகளில் ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் அரபி.
"லினக்ஸ் போட்டுட்டு எங்கிட்ட கொண்டு வராதீங்க, கேட்டியளா?
பின்ன நான் பொறுப்பில்ல."

நாலு ஜிபி நினைவகத்தில் விண்டோஸ்
ரப்பர் தடி ஏற்றிய லாரி
குலசேகரம் ஏற்றத்தில் இரைவதுபோல் இரைந்தது.
வெள்ளி இரவு பென்டிரைவைச் செருகினேன்.
திங்கள் காலை ஒன்பதுக்கு ஷிப்ட்.

முதலில் வைஃபை இல்லை.
வைஃபைக்கான கோப்பு இணையத்தில் இருக்கிறதாம்.
இணையத்துக்குப் போக வைஃபை வேண்டுமாம்.
போனை ஒயரில் கட்டி அந்த ஆற்றைத் தாண்டினேன்.

அடுத்தது மைக்.
பேசிப் பிழைக்கிறவள் நான்.
நான் கத்தினேன், பாடினேன், சங்கீதம் இருபத்துமூன்று முழுக்கச் சொன்னேன்;
திரையில் கோடு அசையவில்லை.
கறுப்புத் திரையில் ஒலிக் கம்பங்கள் வரிசையாக நின்றன,
ஒன்றின் காலடியில் மட்டும் 'எம்எம்'.
வாயைக் கட்டியிருக்கிறது என்று அர்த்தம்.
எம்மைத் தட்டினேன், அவிழ்ந்தது.
இரண்டு மணி நேரம்,
ஒரு எழுத்து.

தூக்கம்தான் தீரவில்லை.
மூடினால் உறங்கும், திறந்தால் எழாது.
விசிறி சுற்றும், விளக்கு எரியும்,
திரை மட்டும் கறுப்பு.
சனி முழுக்க மழை. மூன்று தடவை கரண்ட் போனது.
பவர் பொத்தானை அமுக்கிப் பிடித்து
பத்து வரை எண்ணி எண்ணி
பெருவிரல் வலித்தது.

ஞாயிறு பூசைக்குப் போகவில்லை.
அன்றுதான் புரிந்தது:
பலகைக்குள் எவரோ எழுதிவைத்த ஒரு காவலாள்
ஒவ்வொரு தடவையும் கேட்கிறான்,
நீ விண்டோஸா?
லினக்ஸ் கூசாமல் ஆமாம் என்கிறது.
எந்த விண்டோஸ்?
எல்லா விண்டோஸும் நான்தான் என்கிறது.
அங்கேதான் மாட்டிக்கொள்கிறது.
புதியதைச் சொன்னால் புது வழியில் உறங்கவைக்கிறான்,
அந்த வழியில் திரும்பிவரக் கதவு வைக்கவில்லை.

எனக்கு இந்தக் காவலாளைத் தெரியும்.
திருவனந்தபுரத்தில் படித்த மூன்று வருஷமும்
விடுதியில் நான் பாண்டி.
சென்னையில் வேலை பார்த்த பத்து மாதமும்
நீங்க மலையாளியா?
குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் தாங்க என்றேன்,
ஒரு தளமே சிரித்தது.
களியக்காவிளையில் பஸ் நின்று கிளம்புவதற்குள்
நாக்கைக் கழற்றி மாட்டப் பழகினேன்.
இப்போதும் கொச்சியிலிருந்து அழைப்பு வந்தால் ஷைனி,
தாம்பரத்திலிருந்து வந்தால் பெல்சிட்டா.
சம்பளச் சீட்டில் மட்டும்
இரண்டு பேரும் சேர்ந்து இருக்கிறோம்.

எல்லாரும் நான்தான் என்றால் எவனும் நம்பமாட்டான்.
ஒன்றைச் சொல், பழையதாய்ச் சொல்.
தொடக்க வரியின் கடைசியில் எழுதினேன்:
இரண்டாயிரத்து ஒன்பது.

மூடினேன். ரப்பர் இலைகளில் மழை சொட்டியது.
திறந்தேன்.
எழுந்தது.
நம்பாமல் பதினாலு தடவை மூடித் திறந்தேன்;
பதினொன்றாவது தடவை மட்டும் கொஞ்சம் யோசித்தது.

திங்கள், ஒன்பது இரண்டு. முதல் அழைப்பு.
பிரிட்ஜ் குளிராத ஒரு அம்மா, ஆலப்புழையிலிருந்து.
எல்லாம் முடிந்தபின் கேட்டாள்,
"மோளுடெ வீடு எவிடெயா?"
வாயில் வழக்கமான பதில் வந்து நின்றது.
நெய்யாற்றின்கரை.
பாதிப் பொய்தான். இருபது மைல் வித்தியாசம்.

இன்னும் வேலை செய்யாதது ஒன்று உண்டு,
விசைப்பலகையின் ஓரத்தில் கைரேகைச் சதுரம்.
அதற்கு டிரைவர் எவரும் எழுதவில்லை.
என் விரலைக் கண்ணாடித் துண்டுபோல் பார்க்கிறது.
ரேஷன் கடை மெஷினுக்கு அம்மாவின் விரலும் அப்படித்தான்,
ஷீட் அடித்து ஆசிட்டில் தேய்ந்தது.
அழுத்துகிறாள், துடைக்கிறாள், மறுபடி அழுத்துகிறாள்.
இருக்கட்டும்.
கடவுச்சொல் ஒன்று வைத்திருக்கிறேன்:
வெள்ளம்,
பிறகு ஒரு எண்.