கையிருப்பு

மிராமிஷி ஆறு கெட்டியாகிக் கிடந்த ஜனவரியில்
வங்கி என்னை அங்கே அனுப்பியது
ஒரே கேள்வியோடு:
இன்னும் எத்தனை வாரம்?

காகிதத்தில் எல்லாம் பச்சை.
செடி வளர்வதையே வருமானமாக எழுதிக்கொள்ள
கணக்கு விதியில் இடமுண்டு.
கொய்யாத மொட்டு, வாங்க ஆள் வராத மொட்டு,
போன கோடை முழுக்கச் சம்பாதித்திருந்தது.
சுரைக்காய்க்குப் பதில் கஞ்சா,
ஏடு அதே ஏடுதான்.

லாபத்தை ஒதுக்கிவிட்டு
கையிருப்பைக் கேட்டேன்.
கையில் இருப்பதுதானே இருப்பு.
நாற்பத்தொரு லட்சம் டாலர்.
வாரம் மூன்று லட்சத்து எழுபதாயிரம் கசிகிறது.
வகுத்தால் பதினொன்று.
கலால் வரி பாக்கிக்கு அரசாங்கம்
கதவைத் தட்டினால் ஆறு.

"பெட்டகத்தில் தொண்ணூறு லட்சத்துக்குச்
சரக்கு இருக்கிறதே" என்றார் நிதி அதிகாரி,
டொரன்டோவிலிருந்து, திரையில்,
முதுகுக்குப் பின்னால் ஒரு படகின் படம்.
தலைமை வளர்ப்பாளன் லியோன்ஸ் ஆர்செனோ
ஒரு பையைக் கிழித்து
என் உள்ளங்கையில் கொட்டினான்.
இரண்டு வருஷத்துப் பழையது.
விரல் பட்டதும் பொடிந்தது; வைக்கோல் வாசம்.
தொண்ணூறின் மேல் பென்சிலால் கோடு போட்டேன்.
அவன் பார்க்காதது போல இருந்தான்.

"பாதி விளக்கை அணைத்தால் மூன்று வாரம் கூடும்."
"எந்தப் பாதி?"
பூக்கும் அறையை அணைத்தால்
மார்ச்சில் விற்க ஒன்றுமில்லை.
தாய்ச்செடி அறையை அணைத்தால்
அதற்கப்புறம் எப்போதுமே இல்லை.
தாய்ச்செடிகளுக்கு அவன் பேர் வைத்திருந்தான்.
எனக்குச் சொல்லவில்லை.

வெளியே எண்ணெய் லாரி
இஞ்சினை அணைக்காமல் நின்றது.
சம்பளக் கணக்கு எழுதும் மிரேய் ஓடி வந்தாள்:
கொதிகலனுக்கு ஊற்ற மாட்டேன் என்கிறானாம் கலான்,
முப்பது நாள் தவணையெல்லாம் முடிந்ததாம்,
பணம் ஏறினால்தான் குழாய் இறங்குமாம்.
ஐந்து வருஷம் கைகுலுக்கிவிட்டு ஊற்றியவன்.
நான் மூன்று நாள் உட்கார்ந்து போட்ட கணக்கை
ஸ்டீயரிங்கில் கை வைத்தபடியே போட்டுவிட்டான்.

பழைய பாக்கியும் சேர்த்துக் கொடுத்தோம்.
பதினொன்றில் நாலு நாள் போயிற்று.
அறிக்கையில் 'பதினொரு வாரம்' என்று எழுதி
அடிக்குறிப்புகளில் அதைத் தின்னத் தொடங்கினேன்.

ஆறு மணிக்கு
பூக்கும் அறையின் விளக்குகள்
எல்லாம் ஒரே சமயத்தில் அணைந்தன.
விசிறிகள் மட்டும் சுற்றின.
"அட்டவணைப்படிதான்.
பூக்க வேண்டுமானால் பன்னிரண்டு மணி நேரம் இருட்டு வேண்டும்"
என்றான் லியோன்ஸ்,
சற்றுத் தாமதமாக.
அதுவரை அவனும் மூச்சு விடவில்லை.