நாலு விரற்கடை

உள்ளங்கை அகலப் பெட்டி.
தலையில் ஒருமுறை தட்டினால்
கூரைக்கு ஒரு நீல வட்டம் அனுப்பும்.
விரிந்தால் இழு, சுருங்கினால் விடு.
அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது.
நிமிடத்துக்குப் பதினொரு மூச்சில் தொடங்கி
ஆறுக்கு இறக்கிக்கொண்டுவந்து
எட்டாம் நிமிடம் தானே அணைந்துவிடும்,
தூங்கினேனா என்று ஒரு வார்த்தை கேளாமல்.

கிருனாவில் இது ஜூன்.
சூரியனுக்கு வீடு திரும்பும் எண்ணமில்லை.
மீன் சுடும் அலுமினியத் தாளை
ஜன்னல் முழுக்க ஒட்டி
நானே செய்துகொண்ட இருட்டு இது.
ஓரத்தில் ஒரு கிழிசல். அதன் வழியே
நள்ளிரவு வெயில் வந்து
அலமாரிக் கைப்பிடியில் உட்கார்ந்திருக்கிறது.

ஐந்தேகாலுக்குப் பேருந்தை எடுக்க வேண்டும்,
சுரங்கத்தின் காலை ஷிப்டு ஆட்களுக்கு.
ஒன்றேகாலுக்கு அவர்களின் இரவு ஷிப்டு
இரும்புக்கல்லுக்கு வெடி வைக்கும்.
பெரிய சத்தமில்லை.
கீழ்வீட்டில் யாரோ சோபாவை நகர்த்துவதுபோல.
கீழே வீடு கிடையாது,
ஒரு கிலோமீட்டருக்கும் மேலான பாறைதான்.
கண்ணாடிக் குவளைகள் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும்.
நான் கொட்டக் கொட்ட விழித்திருப்பேன்.

விளக்குக் கொக்கியில் கிளம்பி
ஜன்னல் பக்கம் போகும் ஒரு விரிசல்.
கொக்கியை நடுவாக வைத்து விரியும் வட்டம்
மார்ச்சில் அதன் நுனியைத் தொட்டும் தொடாமலும் நின்றது.
ஏப்ரலில் நுனி வெளியே எட்டிப் பார்த்தது.
இப்போது நாலு விரற்கடை.

தூங்கவைக்க வாங்கிய விளக்கு
அளவுகோலாகிவிட்டது.
வட்டம் அகல அகல மூச்சை இழுக்கிறேன்.
விளிம்பு வந்ததும்
பிடித்துக்கொண்டு அளக்கிறேன்.
விட வேண்டிய மூச்சு பல்லுக்குப் பின்னால் நிற்கிறது,
கதவு திறக்காத பேருந்தில்
தன் நிறுத்தம் வந்துவிட்ட ஆள் மாதிரி.
வட்டம் எனக்காகக் காத்திருப்பதில்லை.

"வீட்டையே இடிக்கப்போறாங்க,
விரிசல் எவ்வளவு வளர்ந்தா உனக்கென்ன?"
மூச்சுக்கு முன்னூறு தரம் சொல்லிவிட்டு
தவுனோ மே மாதமே போய்விட்டார்,
புதிய நகரத்து மூன்றாம் மாடிக்கு,
காபி இயந்திரத்தையும் தூக்கிக்கொண்டு.
ஆகஸ்டு கடைசியில் இந்தச் சாவியைக் கொடுக்க வேண்டும்.
அந்தச் சாவியும் என்னிடம் இருக்கிறது. போகவில்லை.
கேட்பவர்களிடம்
டிப்போ இங்கிருந்து பக்கம் என்கிறேன்.

இன்று ஒரு மணிக்கு போன்.
"அவுனே, தூங்கிட்டியா?"
இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொன்னவர்
உலகத்தில் உண்டா?
அவரும் ஒரு பெட்டி வாங்கியிருக்கிறாராம், என்னிடம் சொல்லாமல்.
"இங்க கூரை மழமழன்னு கிடக்கு.
வட்டம் பெருசாகுதா சின்னதாகுதான்னே தெரியல.
எதை வெச்சுப் பாக்குறது?"
சிரித்துவிட்டேன்.
சிரிப்பும் விடுகிற மூச்சுதான்.
பெட்டிக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

"சரி, தட்டுங்க" என்றேன். "நானும் தட்டுறேன்."

அவருடையது அரை நொடி பிந்தி வந்தது.
இழுப்பது கேட்கவில்லை;
விடுவதன் கடைசியில் மட்டும்
முப்பது வருட சிகரெட்டின் மெல்லிய விசில்.
பதினொன்று. ஒன்பது.
ஏழில் ஏதோ கேட்டேன்,
வாடகை ரசீது பற்றி என்று நினைக்கிறேன்.
பதில் இல்லை. விசில்தான்.
எட்டாம் நிமிடம் என் கூரை இருண்டது.

பிறகு அந்த சோபா நகர்ந்தது.
குவளைகள் பேசிக்கொண்டன.
கன்னத்தில் ஏதோ விழுந்தது,
உப்புக்கல் அளவு சுண்ணாம்பு.
போனில் விசில் தடுமாறவேயில்லை.
அங்கே எட்டவில்லை போலும்.

இன்னொரு தட்டு தட்டினால்
ஐந்து விரற்கடையா என்று தெரிந்துவிடும்.
கை நீண்டது.
பெட்டியின் தலை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

மூன்று கிலோமீட்டருக்கு அப்பால்
அவர் மூச்சு விட்டார்.

நானும் விட்டேன்.