வாத்தின் வயிறு

வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்கு மூன்று மணி நேரம் இருக்கிறது.
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு
குளியலறைத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன்.
முன்னால் ஒரு சிவப்பு வாளி.
அதற்குள் வாத்து மூன்று, ஆமை ஒன்று,
வால் கடிபட்ட திமிங்கலம்,
சுவரில் ஒட்டும் ஆங்கில எழுத்துக்கள்
(ஏ காணவில்லை, கியூ மட்டும் எப்படியோ இரண்டு).

முதல் வாத்தைப் பிழிந்தேன்.
தேயிலைத் தூள் போலக் கறுப்பாய்
என்னவோ வந்தது.
இன்னொரு தடவை. இன்னும் வந்தது.
இதை வாயில் வைத்துத்தான்
ஆறு மாதமாய் ஊதிக்கொண்டிருந்தாள் ஹஃப்ஸா.

எனக்குத் தெரியாததா?
வாரம் ஆறு நாள்
அடுத்தவர் வீட்டு ஏசி குழாய்க்குள் தலையை விடுகிறவன் நான்.
அல் குவைரில், மதீனத் சுல்தான் காபூஸில்
"வெளியே வெள்ளையாத்தான் இருக்கும் மேடம்,
உள்ளே பாருங்க" என்று
போனில் படம் எடுத்துக் காட்டுகிறவன்.
அவர்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.
நான் பில் போடுவேன்.

இப்போது படம் எடுக்கவில்லை.

ஒரு பங்கு வினிகர், ஒரு பங்கு வெந்நீர்.
வெந்நீருக்கு அடுப்பு எதற்கு,
ருவியில் ஜூலை மாதம்
நீலப் பொட்டு வைத்த குழாயைத் திறந்தால் போதும்,
மொட்டை மாடித் தொட்டியே காய்ச்சி அனுப்பும்.
குளிர்ந்த நீர் வேண்டுமென்றால்
ஹீட்டரை அணைத்துப் போட்டுச் சிவப்பைத் திறக்க வேண்டும்.
வந்த வருடம் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.
முதுகுதான் சொன்னது.

ஹஃப்ஸா இங்கேயே பிறந்தவள்.
கே.ஜி.யில் கேட்டிருக்கிறார்கள், சூட்டுக்கு என்ன நிறம்?
நீலம் என்றாளாம்.
தப்பு போட்டிருந்தார்கள்.
போய்ச் சண்டை போடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

"குளோராக்ஸையும் வினிகரையும் கலந்துடாதீங்க,
மூச்சடைச்சிரும்!"
சமையலறையிலிருந்து ஸீனத்.
கலக்கவில்லை என்கிறேன்.
ஜன்னலையும் திறந்து வைக்கிறேன்.

பழைய பல்துலக்கியால்
மீன் வடிவ வெப்பமானியின் செதில்களைத் தேய்க்கிறேன்.
முப்பத்தெட்டைத் தாண்டினால் இதற்குக் கண் சிவக்கும்.
நேற்று நாற்பத்தாறு.
"மீனுக்குக் காய்ச்சலா வாப்பா?"
ஆமாம்மா, ஊருக்கே காய்ச்சல்.

குளியல் தொட்டியின் உட்புறம்
உப்புப் படிந்த வெள்ளைக் கோடுகள்.
கீழே உள்ளது நாலு விரல் உயரம்,
கழுத்து நிற்காத காலத்தில் ஊற்றிய தண்ணீர்.
அதற்கு மேல் ஒன்று, பிடித்து உட்கார்ந்தபோது.
இப்போது முழங்கால் மூழ்க வேண்டும் அவளுக்கு.
வினிகரில் நனைத்த துணியை
கோடுகள் மேல் போர்த்தி வைத்தேன்.
அரை மணியில் எல்லாம் கரைந்தது.
கரையட்டும், குழந்தைதான் வளர்ந்துகொண்டிருக்கிறதே.

பால்கனி வெயிலில் வரிசையாய் வைத்தேன்.
பழுப்புப் பாறை மலையைப் பார்த்தபடி வாத்துகள்
பத்தே நிமிடத்தில் உலர்ந்தன,
அடுத்த வீட்டுச் சட்டைகளைவிட வேகமாய்.
பசைத் துப்பாக்கியைச் சூடாக்கி
அடிவயிற்றுத் துளைகளை ஒவ்வொன்றாய் அடைத்தேன்.
இனி தண்ணீர் போகாது. கறுப்பு வராது.
தொழில்முறையில் செய்த வேலை.

ஹஃப்ஸா எழுந்து வந்தாள்.
வாத்தை அமுக்கினாள்.
இன்னும் பலமாய், இரண்டு கையாலும்.
திருப்பிப் பார்த்தாள். காதில் வைத்துக் கேட்டாள்.
"உள்ளே யாரும் இல்லையா?"
"இல்ல. வாப்பா இப்பத்தான் காலி பண்ணேன்."
அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை.
மூன்றையும் வாளியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஆமை மட்டும் மிச்சமிருந்தது.
பசைத் துப்பாக்கியின் வயரைப் பிடுங்கினேன்.
வாரா வாரம் பிழிந்து, கொதிநீர் விட்டு, காயப்போட வேண்டும்.
போடுகிறேன்.

பள்ளிவாசலில் ஸஃப்பை நெருக்கி நின்றோம்.
தக்பீர் கட்டியபோது
பக்கத்திலிருந்தவர் மூக்கை ஒருமுறை உறிஞ்சினார்.
கையில் இன்னும் வினிகர்.