என்ன குடி

ஸ்கேன் அறையில் ஏசி.
எனக்கு வெளியிலேயே குளிரும்.
கச்சான் காற்றில் ஊர் வேகும்போதும்
சால்வையோடு பஸ் ஏறுகிறவள் நான்.

ஜெல் தடவிய டொக்டர் ஆஸ்பத்திரிக்குப் புதுசு,
வவுனியாப் பக்கமாம்.
திரையிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார்:
"குடி இருக்கா?"

உம்மா கதிரையில் நிமிர்ந்தா.
"இல்லாம என்ன மகன்,
நாங்க மீராநாச்சி குடி.
நிந்தவூர்ல எங்கட குடிக்கு
இப்பவும் மரைக்கார் இருக்கார்."

நர்ஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டா.
நான் சிரித்ததில் வயிறு குலுங்கிப்
படம் கலைந்தது.
"மூச்சைப் பிடியுங்க."

பிடித்தேன்.
கறுப்புத் திரையில் என் ஈரல்
பெருநாள் ராத்திரிக் கடைத்தெருபோல வெளிச்சமாய்க் கிடந்தது.
வெளிச்சம் கூடாதாம்.
வெளிச்சம் என்றால் கொழுப்பாம்.

மாமி வரும்போதெல்லாம் சொல்லிவிட்டுப் போவா,
கொழுப்பெடுத்தவள் என்று.
இருந்த இடத்தில் நான் கண்ணயர்வதற்கும்
கூப்பிட்டால் ஒள்ளுப்பம் பிந்தி எழும்புவதற்கும்.
அவ சொன்னது சரிதான்.
எந்த இடத்தில் என்றுதான் அவவுக்குத் தெரியவில்லை.

மறுகா, ரிப்போட்டின் பின்பக்கத்தில்
டொக்டர் படம் கீறத் தொடங்கினார்.
பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம்.
உம்மாவுக்குத் தைரொயிட்: வட்டத்துக்குள் மை.
சாச்சிமார் இரண்டு பேருக்கும் மை.
ராத்தா ஜெசீமா, இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு: மை.
நான்.
நோன்பு மாதம் ஸஹருக்கு முன்பே
குளிசைக்கு அலாரம் வைக்கிற வீடு எங்களுடையது.
வட்டம் வட்டமாய் அது இறங்கி வந்ததைப் பார்த்தேன்.
வளவும் கல்வீடும் கிணறும்
இந்த வழியால்தான் இறங்கி வந்தன.
இதற்கு மட்டும் உறுதி முடிக்கவில்லை.

"வாப்பா?"
சதுரத்தின் மேல் பேனா நின்றது.

"மௌத்து," என்றா உம்மா.
பிறகு, யாரோ கேட்டுவிடுவார்கள்போல,
"ஈரல்."

ஐம்பத்திரண்டு வயசு.
இதே ஆஸ்பத்திரி, மேல்மாடி வார்ட்.
கண் மஞ்சள், கால் குச்சி,
வயிறு மட்டும் நிறைமாசம்.
ஏலக்காய்ப் பிளேன்டீயைத் தவிர
அவர் வாயில் ஒரு வாசமும் நாங்கள் கண்டதில்லை.
சந்தூக்கு வாசலைத் தாண்டவில்லை,
முற்றத்தில் ஒரு குரல்:
"றியாத்தில பழகியிருப்பார்.
ஈரல் சும்மா போகுமா?"
ஈரக்குலை என்று ஒன்று உடம்பில் இருப்பது
எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பதினாறு வயசு.

வாப்பாவின் குடி பிள்ளைக்கு வராது.
எங்கள் ஊர் வழமை அது.
அவரிடம் இல்லாத மற்றக் குடி எப்படி வரும்?
ஆனாலும் ஏதோ வந்திருக்கிறது,
வீடில்லாத, காணியில்லாத, பேரில்லாத ஒன்று,
சதுரத்திலிருந்து வட்டத்துக்கு.

டொக்டர் பேனாவை மூடினார்.
"அவருக்கும் இதுவா இருந்திருக்கலாம்.
நான் பார்க்கல்ல, எழுதித் தர ஏலாது.
ஆனா இருந்திருக்கலாம்."
குளிசையைக் கூட்டினார். நடக்கச் சொன்னார்.
சோத்தைக் குறைக்கச் சொன்னார்,
மூன்று பக்கமும் வயல் உள்ள ஊர்க்காரியிடம்.
உம்மாவுக்கு அதொன்றும் கேட்கவில்லை.
இருந்திருக்கலாம் என்ற சொல்லை
ரிப்போட்டோடு சேர்த்து நாலாய் மடித்துக்
கைப்பைக்குள் வைத்து
இரண்டு தரம் சிப் இழுத்துப் பார்த்தா.

கேற்றடியில் நின்றது எங்கள் ஊர் ஓட்டோ.
உதுமாலெவ்வை.
முற்றத்துக் குரல் அவருடையது.
ஹேண்டில் வயிற்றில் முட்ட முட்டத் திருப்பினார்.

காரைதீவுச் சந்தி கழிந்தது.
வெட்டாற்றுப் பாலத்தில்
பதினெட்டு வருஷம் அவரோடு பேசாத உம்மா
வாய் திறந்தா:
"தம்பி, நீங்களும் ஒருக்கா ஸ்கேன் பண்ணுங்க.
ஈரலப் பாருங்க."

கண்ணாடிக்குள் அவர் கண் எங்களைத் தேடியது.
"நான் குடிக்கிறல்லயே ராத்தா."

"தெரியும்," என்றா உம்மா.
"அவரும் குடிக்கிறல்ல."