காலாவதித் தேதி

மாதக் கடைசி வியாழன்
சேமிப்பறையில் தேதி பார்ப்பது என் வேலை.
வடிகுழாய், வழிக்கம்பி, வலைச்சுருள்.
வலைச்சுருள் நான் வைத்த பெயர்;
உறைமேல் இருப்பது நீளமான வேறொன்று.
மூளை நாளத்துக்குள் போய் அடைப்பைப் பிடித்துவரும்
சுண்டுவிரல் கனம்கூட இல்லாத கம்பி வலை.
ஒன்றின் விலை என் மாதச் சம்பளத்தைத் தாண்டும்.
நான்கு பெட்டிகளுக்கு நேற்றோடு முடிந்திருந்தது.

டாக்டர் தாஸின் பின்னால் நின்றிருந்தார்.
மொன்யுவாவிலிருந்து ஓராண்டுப் பயிற்சிக்கு வந்தவர்;
எங்கள் ஈயக் கவசம் அவருக்குக் கணுக்கால்வரை தொங்கும்.
"இவை எங்கே போகும்?"
"கையெழுத்துப் போட்டு, வெட்டி, குப்பைக்கு."
தலையாட்டினார். ஒரு பெட்டியைத் திருப்பி
தேதியை இன்னொரு முறை படித்தார்.

அன்றிரவு ஒன்று நாற்பதுக்கு பேஜர்.
துவாஸ் விடுதி, சாரக்கட்டுத் தொழிலாளி,
பொன்னுரங்கம், நாற்பத்தொன்று.
தண்ணீர் குடிக்க மேல்கட்டிலிலிருந்து இறங்கியவர்
வலக்கால் இல்லாததுபோல் சரிந்தாராம்.
பக்கத்துக் கட்டில்காரர் மணி பார்த்திருந்தார்.
பன்னிரண்டு ஐம்பது என்று உள்ளங்கையில்
பேனாவால் எழுதிக்கொண்டு
ஆம்புலன்சில் கூடவே ஏறியிருந்தார்.
எங்கள் யாரிடமும் அன்று
அதைவிட நல்ல கருவி இல்லை.

"அசையாதீங்கண்ணே" என்று சொல்ல
என்னை அழைத்தார்கள்.
சொன்னேன். உள்ளே போனதா, தெரியாது.
கண்கள் இரண்டும் இடப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன.

தொடையிடுக்கில் ஒரு துளை.
கம்பி ஏறுகிறது: வயிறு, நெஞ்சு, கழுத்து.
திரையில் கறுப்பாய் ஒரு மரம் விரிகிறது.
ஒரு கிளை மட்டும் மொட்டையாய் நிற்க
அதற்குமேல் வெறும் சாம்பல் நிறம்.
வலையை விரித்தபின் ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும்.
அப்போது குளிரூட்டியின் சத்தம் பெரிதாகக் கேட்கும்.
டாக்டர் கோ பிடியைத் தாஸினிடம் கொடுத்தார்.
"மெதுவா. இப்ப இழு."

துணியில் விழுந்தது
பாதி அரிசி, செம்பழுப்பு.
இவ்வளவுதானா என்று தோன்றும், ஒவ்வொரு முறையும்.

விடியுமுன் வலக்கை விரல்கள் போர்வையைப் பற்றின.
முதல் சொல்லுக்காக இருவரும் குனிந்தோம்.
"லாரி," என்றார். பிறகு, "லாரி வந்துருச்சா?"
தாஸின் அர்த்தம் கேட்டார். சொன்னேன்.
அவர் சிரிப்பார் என்று நினைத்தேன்.

கேண்டீனில் கோப்பி ஆறிக்கொண்டிருக்க
காகித நாப்கினில் ஓர் ஆறு வரைந்தார்,
ஒரு சாலை, சாலையில் மூன்று சோதனைச் சாவடி,
முடிவில் ஒரு கட்டம்: எந்திரம்.
"போய்ச் சேரும்போது இரவு கழிந்துவிடும்.
சேர்ந்தாலும் வலை இருக்காது.
இருந்தால், வீட்டை விற்க வேண்டும்."
அவர் ஊரில் வெங்காயம் விற்கும் ஒருவர்.
ஆஸ்பிரினும் ஒரு கட்டிலும்தான் கொடுக்க முடிந்ததாம்.
இப்போது இடக்கையால் நிறுக்கிறார்,
விலையை விரலால் காட்டுகிறார்.
"என்னைப் பார்த்தால் ஒரு வெங்காயம் கூடப் போடுவார்.
அந்தத் தெரு வழியே நான் போவதில்லை."

படிவத்தில் காரணம்: காலாவதி.
எண்ணிக்கைக் கட்டத்தை நிரப்பாமல்
மேலே ஒரு கடிதம் எழுதினேன்,
மனித உடம்புக்கல்ல, பயிற்சிப் பொம்மைக்கு,
சிலிக்கான் நாளத்தில் கை பழக, தருவீர்களா என்று.
பரிசீலனையில் உள்ளது, என்று பதில்.
ஏழு வாரமாகப் பெட்டிகள் என் இழுப்பறையில்.
தாஸினின் பாஸ்
செப்டம்பர் பதினொன்றோடு முடிகிறது.